ஊர்ப்பேச்சுக்கு இலக்கணம் கண்டவர்

ஆங்கிலேயர் தம் நாட்டின் பெயரை எழுதுங்கால் எகரத்தில் தொடங்கி எழுதுகின்றனர்; சொல்லுங்காலோ இகரத்தில் தொடங்கிச் சொல்கின்றனர். நாம் தமிழில் எழுதும் இங்கிலாந்து என்ற பெயரும் இகரத்தையே முதலாகக் கொண்டது. ஆங்கிலம் பயிலும் மாணவன் இம்முரண்பாட்டைக் கண்டு வினவினால், ஆங்கிலம் அப்படித்தான், அதற்கு ஒழுங்கு கிடையாது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். உண்மை அதுவன்று. இடைக்கால ஆங்கிலத்திலே ஙகர ஒலிக்கு முன் நின்ற எகரம் இகரமாகத் திரிந்தது. சிறகைக் குறிக்கும் 'விங்' என்ற சொல்லும் அக்காலத்தில் 'வெங்' என்ற வடிவிலேயே வழங்கிற்று. சிறகின் பெயரில் ஒலியோடு எழுத்தும் மாறிற்று. நாட்டின் பெயரில் எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒலி தன் விதிப்படி நடந்தது, பின்தங்கியது எழுத்தே.

கிரேக்கம், வடமொழி, கோதிக்கு முதலிய பழம்பெரு மொழிகளில் ஒலிகள் விதிப்படியே திரிகின்றன என்பதை 19 ஆம் நூற்றாண்டின் அறிஞர் அறிந்திருந்தனர். ஆனால் கல்லுடைப்போரும் நெசவாளரும் தம் அடுக்களையில் பேசும் பேச்சுக்கும் அத்தகைய விதிகள் உண்டு என்பதைக் கற்றறிந்த ஆங்கிலேயர் எளிதில் ஏற்கவில்லை. அப்பேச்சு, நல்ல ஆங்கிலத்தைப் பேசத் தெரியாதோர் சிதைத்த சிதைவு என்றே அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் பிழையென்று காட்டியவருள் முதன்மையானவர் அப்பேச்சையே தாய்ப்பாலோடு பருகிய ஒருவர். பதினைந்து வயதுவரை செய்தித்தாளை வாசிக்க அறியாதிருந்தவர். பின்னர் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் மாக்ஸ் முல்லர் வகித்த ஆசனத்திலே அமர்ந்தவர். அவர் பெயர் ஜோசப் றைற்.

இங்கிலாந்தின் வடபால் யோர்க்ஷயர் மாகாணத்தில் பிராட்போர்ட் என்னும் நகர் உண்டு. கம்பளி நெசவால் வளர்ந்த நகர் அது. அதனை அடுத்த தாக்லி என்ற சிற்றூரிலே 1855 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி றைற் பிறந்தார். வளர்ந்தது அருகிலுள்ள வின்ட்ஹில் என்ற ஊரில். தந்தையார் நெசவும் கல்வெட்டும் செய்தவர். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவரிடம் குறைவாகவே இருந்தது. பாரம் தாயார்மீதே விழுந்தது. பிள்ளைகளும் கைகொடுத்தாலன்றி அடுப்பெரியாத நிலை.

ஆறு வயதிலே சிறுவன் ஜோசப் கல்வெட்டும் இடத்திற் கழுதை ஓட்டச் சென்றான். மழுங்கிய உளிகளைக் கழுதைமேல் ஏற்றிக் கொல்லனிடம் கொண்டுபோய்த் தீட்டுவித்து மீட்டுக் கொணர்வது அவன் வேலை. வாரத்துக்கு ஒன்றரை ஷில்லிங் கூலி. அதற்குமேல் ஒவ்வொரு கல்தச்சனும் ஒரு பென்னி கொடுப்பான். ஓராண்டின் பின் சோல்ற்றயர் என்னும் ஆலைக் குடியிருப்பிற் பெரும் நூற்பாலையொன்றில் வேலை கிடைத்தது. அது சேர் டைற்றஸ் சோல்ற் என்ற செல்வர் 1853 இல் திறந்த ஆலை. அல்பாக்கா மயிரிலே துணி நெய்து புகழ் பெற்றது. நூல் சுற்றி நிறைந்த கட்டைகளைப் பொறியினின்று கழற்றி வெறுங்கட்டைகளை மாட்டுவது சிறுவர் தொழில். அரைநாள் ஆலை, அரைநாள் ஆலைப் பாடசாலை என்பது அக்காலச் சட்டம். விடியற்காலை எழுந்து ஆலையில் நின்று களைத்த பிள்ளை பிற்பகற் பாடசாலையில் எதைக் கற்றுக்கொள்ளும்? றைற் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே. அப்பள்ளியைவிட்டு நீங்கியபோது அவருக்கு வாசிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது.

பதின்மூன்று வயதளவில் வேறோர் ஆலையிற் கம்பளி மயிரைத் தரம் பிரிக்கும் வேலையில் அமர்ந்தார். நூல் கட்டை மாற்றுவதைவிட இது திறனும் ஊதியமும் மிக்க தொழில். அங்கேதான் அவர் வாழ்வு திரும்பிற்று. 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. நண்பகல் உணவு வேளையிலே வாசிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். தமக்கு வேண்டிய செய்தியைப் பிறர் வாய்வழியாகவே பெறவேண்டியிருப்பது அவ்விளைஞருக்குப் பொறுக்கவில்லை. தாமே வாசிப்பதென்று துணிந்தார். வீட்டில் இருந்த நூல்கள் இரண்டே: விவிலியம் ஒன்று, பனியனுடைய மோட்சப் பிரயாணம் ஒன்று. அவ்விரண்டையும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கற்றார்.

வரலாற்றின் வேடிக்கையொன்றை இங்கே குறிப்பிடலாம். அதே 1870 இற்றான் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. அதைப் பாராளுமன்றத்திற் கொணர்ந்த போர்ஸ்ரர் என்பவர் பிராட்போர்ட் தொகுதியின் பிரதிநிதி. அச்சட்டத்தால் நாடெங்கும் பாடசாலைகள் எழுந்தன. றைற்றைப்போல் வாசிக்க அறியாது வளரும் பிள்ளைகள் குறைந்தனர். அப்பாடசாலைகளிலேயே ஊர்ப்பேச்சைக் களைந்து ஏட்டு ஆங்கிலத்தை நடும் வேலையும் தொடங்கிற்று. ஒரு கை விளக்கைத் தந்தது. மற்றக் கை பாட்டியின் சொற்களைத் துடைத்தது. முன்னதற்காக ஏங்கியவரும் பின்னதற்காகப் பாடுபட்டவரும் ஒருவரே.

எழுத்து அறிந்ததும் அவருடைய அறிவுப் பசி அடங்காததாயிற்று. இராப்பாடசாலையிற் பிரெஞ்சும் ஜேர்மனும் கற்றார், இலத்தீனும் கற்றார், சுருக்கெழுத்தும் பழகினார். பகலெல்லாம் மயிர் பிரித்துவிட்டு மைல்கணக்கில் நடந்துபோய்க் கற்ற கல்வி அது. பதினெட்டு வயதில், தாம் கற்றதைத் தம்மொத்த தொழிலாளருக்குக் கற்பிக்கத் தாயார் வீட்டிலேயே இராப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வாரக் கட்டணம் இரண்டு பென்னி. கற்றவுடன் கற்பிக்கும் இக்குணம் அவர்பால் இறுதிவரை இருந்தது.

1876 இல் ஆலை சில காலம் மூடப்பட்டது. மற்றையோர்க்கு அது பஞ்சம். றைற்றுக்கு அது வாய்ப்பு. அவர் கையிற் சேர்ந்திருந்த பணம் நாற்பது பவுண். அதைக்கொண்டு ஜேர்மனியின் ஹைடல்பேர்க் சர்வகலாசாலைக்குப் புறப்பட்டார். கப்பலில் அன்ற்வேர்ப் துறைமுகம்வரை சென்று, அங்கிருந்து ஹைடல்பேர்க்வரை கால்நடையாகவே போனார். வண்டிச் செலவு மிஞ்சினால் அது படிப்புக்கு உதவும் அன்றோ? அவ்வளவு சிக்கனம் காத்தும் அப்பணம் ஒரு தவணைக்கே போதியதாயிருந்தது. ஊர் மீண்டவர் ஆலைக்குத் திரும்பவில்லை, பாடசாலை ஆசிரியரானார். ஆசிரியத் தொழில் செய்துகொண்டே லீட்ஸ் நகரிலிருந்த யோர்க்ஷயர் கல்லூரியிற் பயின்றார். 1882 இல் மறுபடியும் ஹைடல்பேர்க் சென்றார். தொடக்கத்தில் அவர் மனத்தை ஈர்த்த துறை கணிதம். அவரை மொழிநூலின்பால் திருப்பியவர் ஒஸ்ற்றொப் என்ற பேராசிரியர்.

ஒஸ்ற்றொப்பும் அவர் நண்பர் புறுக்மனும் மொழிநூல் உலகிற் புதுக்கட்சியொன்றை உண்டாக்கியிருந்தனர். ஒலித்திரிபு விதிகளுக்கு விலக்கு இல்லை என்பது அக்கட்சியின் கொள்கை. விலக்காகத் தோன்றுமிடத்து வேறோர் விதியோ, ஒத்த சொல்லின் ஈர்ப்போ மறைந்திருக்கும். தேடுவது அறிஞர் கடன். 1878 இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் மற்றொரு பகுதியும் முக்கியமானது. பழைய ஏடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் மக்கள் வாயில் இன்று வாழும் கிளைமொழிகளையும் பார்க்கவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். ஏடு எழுதுவோன் பல காலத்து வடிவங்களைக் கலந்து எழுதக்கூடும். மலையடிவாரத்துக் குடியானவன் நாவில் ஒலி தன் வழியே தடையின்றி நடக்கும் என்பது அவர்கள் கருத்து. இரண்டு ஆண்டுகள் முன்னதாக வின்ற்றெலர் என்ற சுவிற்சர்லாந்து அறிஞர் தம் நாட்டு மலைக் கிராமத்துப் பேச்சுக்கு முறையான இலக்கணம் எழுதியிருந்தார்.

இவ்வுபதேசம் றைற்றின் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வகுப்பிலிருந்த ஏனைய மாணவர்க்குக் கிளைமொழி ஆராய்ச்சிப் பொருள்; அவர்க்கோ அது தாயார் பேசும் மொழி. கிரேக்க மொழியின் உயிரொலிகளை ஆராய்ந்து 1885 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் லைப்சிக் நகரிலும் சிலகாலம் பயின்றார். புறுக்மனின் பெருநூலின் முதற் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1888 இல் வெளிவந்தது. அவ்வாண்டே ஒக்ஸ்போர்ட் அவரை அழைத்தது. ஜேர்மனியிற் பிறந்து ஒக்ஸ்போர்ட்டில் வாழ்ந்த மாக்ஸ் முல்லர் இவ்விளைஞரின் தகுதியைக் கண்டு, அங்கே பெண்களின் உயர்கல்விக்கென இருந்த சங்கத்தில் விரிவுரை ஆற்றும் வாய்ப்பை வழங்கினார். 1891 இல் ஒப்பியல் மொழிநூலின் துணைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாக்ஸ் முல்லர் 1900 இல் மறைந்தபின், 1901 இல் அவருடைய ஆசனமே றைற்றுக்கு உரியதாயிற்று. 1925 வரை அதனை வகித்தார்.

தாயார் ஒருமுறை ஒக்ஸ்போர்ட் வந்தபோது மைந்தர் அவரை அழைத்துச் சென்று கல்லூரிகளைக் காட்டினாராம். ஆல் சோல்ஸ் கல்லூரியின் பெருங் கட்டடத்தை நோக்கிய அம்மூதாட்டி, இது கூட்டுறவுச் சங்கக் கடை வைக்க மிகப் பொருத்தமான இடம் என்று தம் ஊர்ப் பேச்சிலே மெச்சிக்கொண்டார் என்பர். இதைச் சிரிப்புக்காகச் சொல்வோர் பலர். வறுமையிற் குடும்பம் நடத்திய வடநாட்டுப் பெண்ணுக்குக் கூட்டுறவுக் கடையைவிட மேலான நிறுவனம் வேறென்ன இருந்திருக்க முடியும்?

1892 இல் றைற் வெளியிட்ட வின்ட்ஹில் கிளைமொழி இலக்கணம் அளவிற் சிறியது. ஆயினும் வாழும் ஆங்கிலக் கிளைமொழி ஒன்றுக்கு அறிவியல் முறையில் எழுந்த முதல் இலக்கணம் அதுவே எனலாம். கிரேக்கத்துக்கும் கோதிக்குக்கும் எவ்வாறு இலக்கணம் வகுப்பரோ, அவ்வாறே தாம் வளர்ந்த ஊரின் பேச்சுக்கு வகுத்தார். ஒவ்வோர் உயிரொலியும் பழைய ஆங்கிலத்தின் எவ்வொலியிலிருந்து வந்தது, எச்சூழலில் எவ்வாறு திரிந்தது என்பதெல்லாம் அதிலே நிரல்பட அமைந்துள்ளன. வேற்றூரார் நூலுக்குத் தகவலாளியைத் தேடவேண்டும். இந்நூலில் ஆசிரியரும் தகவலாளியும் ஒருவரே.

அவர் காட்டிய வழியிலே சில எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். சந்தித்தல் என்று பொருள்படும் சொல்லையும் இறைச்சி என்று பொருள்படும் சொல்லையும் இலண்டன் ஆங்கிலத்தில் இன்று ஒன்றுபோலவே 'மீற்' என்று ஒலிக்கின்றனர். எழுத்திலே மட்டும் வேறுபாடு. பழைய ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு ஒலி உடையன. வின்ட்ஹில் நெசவாளி முன்னதை 'மீற்' என்றும் பின்னதை 'மியற்' என்றும் பிரித்தே சொல்லுவான். எழுத்தறியாத அவன் நாவில் பழைய வேறுபாடு நிலைத்திருக்க, எழுத்தறிந்த தலைநகரத்தார் அதனை இழந்துவிட்டனர். வீடு என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஹூஸ்' என நெடில் ஊகாரத்தோடு நின்றது. ஸ்கொற்லாந்திலும் அதையடுத்த வடகோடி மாகாணங்களிலும் அது இன்றளவும் ஏறத்தாழ அவ்வாறே ஒலிக்கக் காணலாம். 'ஹவுஸ்' என்பதே பின்வந்த புதுமை. இரவைக் குறிக்கும் சொல்லில் தெற்கத்தியார் எழுதிவிட்டு ஒலிக்காது விடும் மெய்யினை ஸ்கொற்லாந்தார் தொண்டையிலிருந்து ஒலித்துக் காத்தனர். 'ஃபாம்' என்று இலண்டன் ரகரத்தை விழுங்கும்; மேற்கு நாட்டுக் குடியானவன் அதை முழுமையாக நாவில் உருட்டுவான். இவற்றுள் எது சிதைவு, எது செம்மை?

யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிதன்று. உவன், உது என்ற இடைநிலைச் சுட்டு தமிழகப் பேச்சில் வழக்கொழிந்திருக்க, நம் பக்கத்து அடுக்களைகளில் இன்னும் உலவுகின்றது. திசைச்சொல்லுக்கும் ஓரிடம் வகுத்து வைத்தவர் தொல்காப்பியர். விக்ரோரியா கால இங்கிலாந்தில் அவ்விடமும் இருக்கவில்லை.

இதனால் ஊர்ப்பேச்சு யாவும் பழைமையே என்று கொள்ளலாகாது. றைற்றும் அவ்வாறு கொள்ளவில்லை. வின்ட்ஹில் பேச்சு, சொன்முதல் ஹகரத்தை முற்றாக இழந்தது. நிலக்கரியைக் 'கொயில்' என்றும் குழியை 'ஒயில்' என்றும் வழங்குவர். ஆகவே நிலக்கரி போடும் அறை அங்கே 'கொயில் ஒயில்' ஆகிவிடும். அயலார்க்கு இது நகைப்பு. ஆனால் அவ்விரு சொல்லிலும் உயிரொலி ஒரே வழியில் திரிந்திருப்பதை நோக்கினால், நகைக்குமிடத்திலே விதி நிற்பது புலனாகும். முன்னிலை ஒருமையையும் அவர்கள் கைவிடவில்லை. ஏட்டு ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஒழிந்து நெடுங்காலமாயிற்று. யோர்க்ஷயரிலோ தோழரையும் பிள்ளைகளையும் ஒருமையில் விளிப்பர். மூத்தோரை அவ்வாறு விளித்தல் பெருந்தவறு. தமிழர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இச்சிறு நூலின் பின் அவர் தோள்மேல் ஏறியது மலையொத்த பாரம். 1873 இல் ஆங்கிலக் கிளைமொழிச் சங்கம் தோன்றியிருந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்கீற் அதன் உயிர்நாடி. நாட்டின் கிளைமொழிச் சொற்கள் அனைத்தையும் ஒரே அகராதியில் திரட்டவேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம். பல்லாண்டுகளாகத் தொண்டர் சேர்த்த துண்டுத்தாள்கள் குவிந்து கிடந்தன. அவற்றை நூலாக்க வல்லார் இல்லை. ஸ்கீற் றைற்றை நாடினார். வந்து சேர்ந்த சரக்கின் நிறை ஏறத்தாழ ஒரு தொன். அதைக் கண்டும் றைற் நிறைவடையவில்லை. இது போதாது, இன்னும் சேர்க்கவேண்டும் என்றார். மாகாணந்தோறும் கடிதங்கள் பறந்தன. யோர்க்ஷயரில் அவர் தூண்டுதலால் 1894 இற் குழுவொன்று அமைந்து சொல் திரட்டிற்று. அக்குழுவே 1897 இல் யோர்க்ஷயர் கிளைமொழிச் சங்கமாயிற்று. சமய குருமாரும் பள்ளி ஆசிரியரும் வைத்தியரும் எனத் தொண்டர் நூற்றுக்கணக்கில் உதவினர். துண்டுத்தாள்களின் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது.

காலம் கடத்த இயலாத வேலை அது. பாடசாலையும் புகைவண்டியும் ஊர்ப்பேச்சை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருந்தன. முதியோர் ஒருவர் மறைய ஒரு கைப்பிடிச் சொல்லும் உடன் மறையும். ஆனால் இத்தகைய நூலுக்குச் செலவிட யார் முன்வருவர்? வாங்குவோர் எத்தனை பேர் என்று சொல்ல முடியாத ஆறு பெருந் தொகுதிகள்! றைற் தம் சொந்தப் பொறுப்பிலேயே வெளியிடத் துணிந்தார். உழைத்துச் சேர்த்த பணத்தை அதிலே இட்டார். சந்தாதாரரைச் சேர்க்கத் தாமே ஆயிரக்கணக்கில் அறிக்கைகளை அனுப்பினார். நட்டம் வந்திருந்தால் ஆலைத் தொழிலாளியாய்த் தொடங்கியவர் கடனாளியாய் முடிந்திருப்பார். கிளறண்டன் அச்சகத்தார் பணிக்கு ஓரிடம் கொடுத்தனர். அங்கே உதவியாளர் சிலர் தாள்களை வகைப்படுத்த, ஆசிரியர் நாள் தவறாது அமர்ந்து எழுதினார். முதற் பகுதி 1896 இல் வெளிவந்தது. சங்கம் தன் நோக்கம் நிறைவேறும் என்ற நம்பிக்கையில் அவ்வாண்டே தன்னைக் கலைத்துக்கொண்டது. 1898 இல் முதற் தொகுதி. 1905 இல் ஆறாவது தொகுதி. வாக்களித்த காலத்தில், வாக்களித்த அளவில், பகுதி பகுதியாகத் தவறாது முடித்தளித்தார். ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதி அதே நகரில் 1884 இல் தொடங்கி 1928 இலேயே நிறைவெய்தியது என்பதை நினைந்தால் இதன் அருமை விளங்கும்.

அவ்வகராதியிற் சொற்கள் ஏறத்தாழ எழுபதினாயிரம். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வழங்கும் மாகாணங்கள், ஒலிக்கும் வகை, பொருள், ஆதாரம் யாவும் தரப்பட்டுள்ளன. நோயின் பெயர், களையின் பெயர், ஆட்டை எண்ணும் முறை, பிள்ளைகள் விளையாட்டு, சாவு வீட்டு வழக்கம் எனக் குடியானவர் வாழ்வு முழுவதும் அதிலே அடங்கும். இறுதித் தொகுதியோடு ஆங்கிலக் கிளைமொழி இலக்கணமும் வெளிவந்தது. பொதுவான சொற்களை எடுத்து, அவை எம்மாகாணத்தில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அது அட்டவணையாகத் தருகின்றது. ஒரே சொல் வட எல்லையிலிருந்து தென் கரைவரை எத்தனை வேடம் பூணுகிறது என்பதை அந்தப் பக்கங்களிற் காணலாம்.

குறையும் சொல்லவேண்டும். றைற் ஊரூராய்ச் சென்று கேட்டவரல்லர். பெரும்பாலும் கடிதத்தை நம்பினார். ஒலியை எழுத்திற் பிடிக்கும் பயிற்சி எல்லாத் தொண்டர்க்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. யோர்க்ஷயருக்குக் கிடைத்த செழுமை எல்லா மாகாணங்களுக்கும் கிடைக்கவில்லை. அவருக்கு முன் எல்லிஸ் என்ற பேரறிஞர் 1889 இல் வெளியிட்ட கிளைமொழி ஒலிநூலையும் அவர் பயன்படுத்தினார். அதிலிருந்த ஐயப்பாடுகளும் உடன்வந்தன. பின்னாளில் டீற் என்ற சுவிஸ் அறிஞர் 1946 இல் இக்குறைகளை எடுத்துக் காட்டினார். என் மனத்துக்கு, அகராதியின் நிறைவு இலக்கணத்துக்கு இல்லை. ஒன்று பல்லாண்டு ஊறியது. மற்றது இறுதி அவசரத்தில் எழுந்தது.

அகராதியின் வளர்ச்சியோடு அவர் இல்லறமும் கலந்திருந்தது. ஒக்ஸ்போர்ட்டில் அவரிடம் பழைய ஆங்கிலம் பயின்ற மாணவியருள் எலிசபெத் மேரி லீ ஒருவர். சமயகுரு ஒருவரின் மகள். 1896 இல் இருவரும் மணம் புரிந்தனர். குலத்தாலும் வளர்ப்பாலும் எட்ட நின்ற இருவரை ஒன்றுசேர்த்தது மொழிநூலே. அகராதிப் பணியில் அவ்வம்மையாரின் பங்கு சிறிதன்று. அதில் திரண்ட செய்திகளைக்கொண்டு நாட்டுப்புறப் பேச்சும் நம்பிக்கைகளும் பற்றி 1913 இற் சுவையான நூலொன்றை அவரே எழுதினார். இருவரும் சேர்ந்து பழைய ஆங்கிலத்துக்கும் இடைக்கால ஆங்கிலத்துக்கும் இலக்கணங்கள் இயற்றினர். அவர்களுக்கு மகனும் மகளுமாக இரு பிள்ளைகள். இருவரும் சிறுவயதிலேயே இறந்தனர். அதன் பின்னும் பெற்றோர் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து எழுதிக்கொண்டேயிருந்தனர்.

பேராசிரியரான பின்னும் றைற் தம் நாவை மாற்றிக்கொள்ளவில்லை. ஒக்ஸ்போர்ட்டின் மெல்லிய உச்சரிப்புக்கு நடுவே அவருடைய யோர்க்ஷயர் ஒலி தனித்துக் கேட்டது. கற்க இயலாமையால் அன்று. ஆறேழு மொழிகளின் ஒலிகளை நுணுகி அறிந்தவர்க்கு இலண்டன் உயிரொலி எம்மாத்திரம்? பான்பரி வீதியிற் கட்டிய இல்லத்துக்குத் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே சூட்டினார். ஞாயிறு பிற்பகல்களில் மாணவர்க்கு அங்கே விருந்து. பெரிய பழக் கேக்கும் யோர்க்ஷயர்ச் சிற்றுண்டிகளும் மேசை நிறைந்திருக்கும். அவர் வளர்த்த ஜாக் என்ற நாய், 'ஸ்மக்கபக்ம்ஸ்' என்று எசமானர் சொன்னதும் நாவால் உதட்டை நக்கிக் காட்டுமாம். அத்திமரத்துக்குக் கோதிக்கு மொழியில் வழங்கும் பெயர் அது. வேறெந்த நாய்க்கும் கோதிக்கு தெரிந்திராது.

அவ்விருந்துண்ட மாணவருள் ஒருவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். பிற்காலத்திற் கற்பனைக் கதைகளால் உலகப் புகழ் எய்தியவர். பள்ளிப் பருவத்திலேயே றைற்றின் கோதிக்கு முதனூல் அவர் கைக்குத் தற்செயலாகக் கிட்டிற்று. அதுவே மொழிகளின்மேல் அவருக்கிருந்த காதலை வளர்த்தது. ஒக்ஸ்போர்ட்டில் அந்நூலின் ஆசிரியரிடமே கற்கும் பேறு பெற்றார். கெல்ற்றிக்கு மொழிகளையும் கற்றுக்கொள், அதிலே பிழைப்புக்கு வழியுண்டு என்ற கருத்தில் றைற் அவர்க்கு அறிவுரை கூறியதுண்டு. வறுமையை அறிந்த ஆசிரியர் மாணவனின் எதிர்கால வருவாயையும் மறப்பதில்லை. டோல்கீன் பின்னர் லீட்ஸ் நகரிற் கற்பித்த காலத்தில் யோர்க்ஷயர் கிளைமொழிச் சங்கத்திற் சேர்ந்தார். ஹடர்ஸ்பீல்ட் பகுதிப் பேச்சுக்கு எழுந்த சொற்கோவைக்கு 1928 இல் முன்னுரையும் அளித்தார். றைற்றின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளருள் அவரும் ஒருவர்.

1930 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி றைற் காலமானார். அவர் இறுதியாக மொழிந்த சொல் அகராதி என்பதே என்று சொல்லப்படுகின்றது. இரண்டு ஆண்டின் பின் துணைவியார் அவர் வாழ்க்கையை இரு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். நாவலாசிரியை வெர்ஜீனியா வுல்ப் அதனை ஆர்வத்தோடு வாசித்தவர்களுள் ஒருவர்.

றைற் கடிதம் எழுதிக் கேட்டதைப் பிற்காலத்தார் நேரிற் சென்று கேட்டனர். டீற் என்ற அறிஞரும் லீட்ஸ் பேராசிரியர் ஹரல்ட் ஓர்ற்றனும் வகுத்த வினாத்தொகுதியோடு ஆய்வாளர் 1950 முதல் 1961 வரை 313 இடங்களுக்குச் சென்றனர். பெரும்பாலும் கிராமத்து முதியோரைத் தேடி, பசுவுக்கும் கலப்பைக்கும் கதவுத் தாழுக்கும் அவர்கள் சொல்லும் பெயரையும் ஒலியையும் பதிந்தனர். றைற்றின் காலத்திற் குழந்தைகளாயிருந்த பலர் அங்கே விடை சொன்ன முதியவர்கள். சோல்ற்றயர் ஆலையின் பொறிகள் 1986 இல் ஓய்ந்தன. 2001 இல் அக்குடியிருப்பு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அகராதியின் ஆறு தொகுதிகளையும் ஒஸ்ற்றிரியாவின் இன்ஸ்புறுக் சர்வகலாசாலையார் கணினியில் ஏற்றினர். இப்போது ஒருவர் மாகாணத்தின் பெயரைக் கொடுத்தால், அங்கே வழங்கிய சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். யோர்க்ஷயரைக் கொடுத்தால் வரிசை மிக நீளும்.